தண்ணீருக்குள் நாலு ஏக்கர்

சேகர்,

நீ சைக்கிளில் வேலைக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. சமையலறை மேஜையில் நீ வைத்துவிட்டுப் போன காகிதம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. பறந்துவிடக் கூடாதென்று அதன்மேல் சர்க்கரை டப்பாவை வைத்திருக்கிறாய். இந்தக் குளிரில் யார் ஜன்னலைத் திறக்கப்போகிறார்கள்? பேனாவின் மூடியையும் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், கிழவன் அதைக் கழற்றக்கூட யோசிப்பான் என்று. நான் மூடியைப் போட்டு மூடினேன். கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்று, எதிர்வீட்டுக்காரி வாசலில் உதிர்ந்த இலைகளைக் கூட்டி மூட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதே பேனாவைத் திறந்து இதை எழுத உட்கார்ந்தேன். சாயங்காலம் நீ கதவைத் திறந்ததும் முதலில் மேஜையைத்தான் பார்ப்பாய். அங்கே நீ எதிர்பார்ப்பது இருக்காது. இது இருக்கும். கோபப்படு, ஆனால் படித்து முடித்துவிட்டுக் கோபப்படு. உன்னிடம் வாயால் சொல்லலாம் என்று பதினோரு நாளாகப் பார்க்கிறேன். நான் பேச ஆரம்பித்தால் நீ எழுந்துபோய்க் காப்பி போடுகிறாய்.

அந்தக் காகிதத்தில் இருப்பது எனக்கு மனப்பாடம். நம் ஊர் ஏரியின் உள்வாயில், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி நிற்கிற பக்கத்தில், நமக்கு இருக்கும் நாலு ஏக்கரை ஏரிக்கே விட்டுக்கொடுக்கிறோம், இனி நமக்கு அதில் பாத்தியதை இல்லை. பட்டா உன் பெயரில் இருப்பதால் நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய். பட்டாளத்துக்குப் போய்வந்தவன் என்று அரசாங்கம் முதலில் எனக்குக் கொடுத்த நிலம் அது, அதனால் என் சம்மதமும் வேண்டும். நாளை நீ தூதரகத்துக்குக் கொண்டுபோய் முத்திரை வாங்க வேண்டும். என் கையெழுத்துக்கு நீ வைத்த விலையையும் நான் மறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்த் தட்டுப்பாடென்று யாரும் கார் ஓட்டக் கூடாதென அரசாங்கம் உத்தரவு போட்டது ஒருவகையில் நல்லதாயிற்று. இல்லாவிட்டால் என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து எந்தக் கோட்டையையாவது காட்டிவிட்டுத் திரும்பியிருப்பாய், நாம் பேசியிருக்கவே மாட்டோம். லாரிகள் பறக்கிற அகலமான தார்ச்சாலையின் நட்டநடுவில் நடந்தோம். நீ, நான், நீ கட்டிக்கொள்ளப்போகிற ரெனாட்டா, அவள் அப்பா. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்தார்கள், பிள்ளைகள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினார்கள், ஒருவன் குதிரைமேல் போனான். ரெனாட்டாவின் அப்பா வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். என்னைப் பார்த்து விரலை நீட்டி, "ஆஃப்ரிக்கா?" என்றார். "ஆஃப்ரிக்கா," என்றேன். அவர் தன் நெஞ்சைத் தட்டிக்காட்டி அதையே சொன்னார்.

"அவர் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருந்தாராம்ப்பா," என்றாய் நீ.

"இருக்கட்டும். அவர் குறி தப்புனதாலதான் இன்னைக்குச் சம்பந்தி ஆகுறோம்னு சொல்லு."

நீ தயங்கினாய். ரெனாட்டா விடவில்லை. "மாமா என்ன? சொல்லு, சொல்லு," என்று தனக்குத் தெரிந்த தமிழில் உன் விலாவில் இடித்தாள். சொன்னதும் மனிதர் சாலையே அதிரச் சிரித்தார். நான் இந்த நாட்டில் கைதியாக இருந்தபோது என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்டார். "கார்ட்டோஃபெல்! காலையில கார்ட்டோஃபெல், ராத்திரி கார்ட்டோஃபெல்," என்றேன். உருளைக்கிழங்குக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டபோது, முகாமில் கற்ற இன்னொரு வார்த்தை கைகொடுத்தது. "பவ்வர்," என்றேன், விவசாயி. எவ்வளவு நிலம் என்று கையை விரித்துக் கேட்டார். நாலு விரலைக் காட்டினேன். அப்போது நீ ஜெர்மனில் ஏதோ சொன்னாய். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

"என்னடா சொன்னே?"

"உண்மையைச் சொன்னேன். அது ஏரிக்குள்ள இருக்குதுன்னு சொன்னேன்."

பிறகு என் கையைப் பிடித்து அவர்களுக்கு முன்னால் அழைத்துக்கொண்டு போனாய். "அப்பா, கையெழுத்துப் போடுங்க. போட்டா கல்யாணம் முடிஞ்சு பொங்கலுக்கு நானும் இவளும் ஊருக்கு வர்றோம். போடலைன்னா நான் இனி அந்தப் பக்கமே வரமாட்டேன். இங்கயே சிட்டிசன்ஷிப் வாங்கிட்டு இருந்துடறேன். அந்தக் கரைமேல என்னால நடக்க முடியாது," என்றாய். நான் நடந்துகொண்டே இருந்தேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னாய். முதல் தடவையே கேட்டது, சேகர்.

உனக்கு அது நாலு ஏக்கர் சேறு. எனக்கு என்ன என்று சொல்கிறேன். தெரிந்த கதைதானே என்று தள்ளாதே, இதை உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர். ஒரு வருஷம் அறுப்பு முடிந்த மறுநாள், இனி உனக்கு நிலம் இல்லை என்று அவரைக் களத்திலிருந்தே அனுப்பினார்கள். அவர் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன். ஆள் எடுக்க வந்த துரை, சண்டை முடிந்து திரும்பினால் பட்டாளத்தானுக்கு நிலம் உண்டு என்றான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன், ராஜாவுக்காகப் போகவில்லை. பாலைவனத்தில் பிடிபட்டேன். இத்தாலியில் அடைத்து, பிறகு மாடு ஏற்றுகிற ரயில் பெட்டியில் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். டிரெஸ்டனுக்கு வடக்கே எங்கேயோ இருந்தது அந்த முகாம். வந்த முதல் நாளே அங்கே கூட்டிக்கொண்டு போ என்று உன்னைக் கேட்டேன். "அது இப்ப கிழக்கு ஜெர்மனி, வேற நாடுப்பா, விசா வேணும்," என்று சிரித்தாய். என்னை அடைத்துவைத்த இடத்தைப் பார்க்க எனக்கே அனுமதி வேண்டும்.

உறைந்த மண்ணிலிருந்து கிழங்கு பிடுங்கும் வேலை. விரலில் தோல் நிற்காது. ஜெர்மன்காரர்களோடு சேர்ந்துவிட்ட நம் ஆட்கள் ஒன்றிரண்டு பேர் வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு எங்கள் பக்கம் நின்று சண்டை போடுங்கள், நல்ல சாப்பாடு உண்டு என்று ஆசை காட்டினார்கள். சிலர் போனார்கள். நான் போகவில்லை. விசுவாசம் ஒன்றும் இல்லை, கட்சி மாறினால் அந்த நிலம் கிடைக்காதே என்ற பயம். முகாம் முற்றத்தில் தினமும் நாலு ஏக்கர் அளவுக்குச் சதுரமாக அடி வைத்து நடப்பேன். இந்த மூலையில் கிணறு, இந்தப் பக்கம் வரப்பு, இங்கே களம். மற்றவர்கள் அதை உடற்பயிற்சி என்று நினைத்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் இங்கிலீஷ் கற்றதும் அங்கேதான், ஒரு சுபேதாரிடமிருந்த அட்டை போன இலக்கணப் புத்தகத்தில். நிலத்துக்கு மனு எழுத வேண்டிவரும் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

நிலம் கிடைத்தது. நான் திரும்பி வந்த மறுவருஷம், நீ பிறந்த மாதத்தில். சித்திரை வெயிலில் வந்து அளந்து கல் நட்டார்கள். ஏரி வறண்டு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. கறுப்பு மண், உள்ளங்கையில் எடுத்தால் ஒட்டும். உன் அம்மா உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நாலு மூலையிலும் விழுந்து கும்பிட்டாள். ஆவணியில் சம்பா நட்டேன். ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் கதிருக்கு மேலே தண்ணீர் நின்றது. என் நெல்லுக்குள் இறங்கி ஆட்கள் தூரி போட்டு மீன் பிடித்தார்கள். "பட்டாளத்தாரு இந்த வருஷம் கெண்டை நட்டிருக்காருடோய்," என்று கரைமேல் நின்று கத்தினான் ஒருவன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வேறு நிலம் கொடுங்கள் என்று எழுதினேன். தாசில்தாருக்கு, கலெக்டருக்கு, அதற்கு மேலே இருந்தவர்களுக்கு. ஒருமுறை ஒதுக்கியதை மாற்ற வழியில்லை என்று ஒரே பதிலை வேறு வேறு முத்திரையோடு அனுப்பினார்கள். எழுதி எழுதிச் சட்டம் படித்தேன். ஊரில் மனு எழுத வேண்டியவர்கள் என்னிடம் வந்தார்கள். அப்படித்தான் பஞ்சாயத்துத் தலைவனானேன், இரண்டு தடவை. பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டேன், காலனிக்குக் குடிநீர்க் கிணறு வெட்டினேன், சாலைக்கு ஜல்லி போட்டேன். இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

ஆனால் கலங்கலும் தலைவன் கைக்கு வந்தது. உன் ரெனாட்டாவும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன், அவளுக்கு வாசித்துக் காட்டு. ஏரி நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் மேடைதான் கலங்கல். அதன்மேல் இடுப்புயரக் கற்கள் வரிசையாக நட்டிருக்கும். பெருமழைக் காலத்தில் கற்களுக்கு நடுவே திறந்திருக்கும், வெள்ளம் கரையை உடைக்காமல் போக. மழை ஓய்ந்ததும் தண்டோரா போட்டு, பாசனக்காரர்கள் வீட்டுக்கு ஒருவராக வந்து, அந்தச் சந்துகளை வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். அப்படி அடைத்தபின் கூடுதலாகத் தேங்குகிற ஒன்றரை அடித் தண்ணீர்தான் கடைசி மடை வயல்களைத் தை மாதம் வரை காப்பாற்றும். அதே ஒன்றரை அடிதான் என் நாலு ஏக்கரை மூழ்கடிக்கும். அடைக்கும் நாளைச் சொல்லவேண்டியவன் தலைவன்.

ஒவ்வொரு வருஷமும் பத்து நாள், பதினைந்து நாள் தள்ளிப்போட்டேன். "இன்னொரு புயல் கௌம்பியிருக்குன்னு ரேடியோவுல சொன்னான்," என்பேன். ஊரில் இருந்தது இரண்டு ரேடியோ. ஒன்று என் வீட்டில், ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்தில். பின்மழை பெய்து ஏரி எப்படியோ நிறைந்துவந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டேன். நீ பள்ளியிறுதி படித்த வருஷம் ஊர் கேட்கவில்லை. என் வாசலில் வந்து நின்று நாள் வாங்கிக்கொண்டு போய் அடைத்துவிட்டார்கள். ஏகாம்பரம் முன்னால் நின்று அடைத்தார். உனக்கு அவரை நினைவிருக்கும், காலனியிலிருந்து வருவாரே, தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்துப் பாய்ச்சுகிற நீர்க்கட்டி. அவர் அடைத்தால் எறும்பு நுழையாது. மூன்றாம் நாள் என் பயிரின் கழுத்துக்குத் தண்ணீர் வந்தது. இன்னும் இருபது நாள் விட்டிருந்தால் அறுத்திருப்பேன்.

மீதி உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். உச்சி வெயில், ஊர் சாப்பிடப் போயிருந்தது. நான் பட்டாளத்துப் பூட்ஸோடு கலங்கலில் இறங்கிக் கடப்பாரையால் நாலு சந்துகளைக் குத்தித் திறந்தேன். நிமிர்ந்தபோது நீ கரைமேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாய், பள்ளி விடுதியிலிருந்து அரையாண்டு லீவுக்கு வந்திருந்தாய். நீ ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாய். அன்று சாயங்காலம் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "குழம்புல உப்பு போதுமா?" என்று உன் அம்மா இரண்டு தடவை கேட்டாள், இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. அன்று நீ கேட்டிருந்தால் நான் உன்னை அடித்திருப்பேன். அடித்தபிறகாவது பேசியிருப்போம். அந்த மௌனத்தை நீ பத்து வருஷமாகச் சுமந்துகொண்டு, கல்லூரி விடுதிக்குப் போய், பிறகு கடல் தாண்டி எர்லாங்கனுக்கு வந்து, இங்கே அதை ஒரு காகிதமாக டைப் அடித்து என் முன்னால் வைத்திருக்கிறாய்.

ஆனால் நீ பார்த்தது பாதிதான். ஏகாம்பரம் ஏன் அன்று கலங்கலில் இல்லை என்று நீ யோசித்ததுண்டா? அதற்கு முந்தின நாள் அவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பட்டாளத்தாரே, மச்சான் செத்துட்டாரு. ரெண்டு நாள் போயிட்டு வந்துடறேன். கலங்கலைப் பாத்துக்க ஆள் வைக்கணும்," என்றார். "நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்," என்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னபோதே எனக்குக் கடப்பாரை ஞாபகம் வந்துவிட்டது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். அவர் திரும்பி வருவதற்குள் ஒரு பகலும் இரண்டு இரவும் தண்ணீர் ஓடிவிட்டது. அவர் வந்து பதறி மறுபடி அடைத்தார். ஆனால் அந்த வருஷம் அதற்குப்பின் ஒரு தூறல்கூட இல்லை. தை மாதம், பால் பிடிக்கிற நேரத்தில், கடைசி மடையில் முப்பது வீட்டு நெல் நின்றபடியே வைக்கோலாயிற்று. என் நாலு ஏக்கரை நான் அறுத்து வீட்டில் சேர்த்துவிட்டேன்.

பஞ்சாயத்துக் கூட்டம் கூடியது. நீ அப்போது விடுதிக்குத் திரும்பிவிட்டாய். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். யாரோ ஒருவன் தலையில் விழவேண்டிய பழி. ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள்.

"நீ எங்கடா போயிருந்தே?"

"சாவுக்கு."

"யாரைக் கேட்டுப் போனே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூட்ட நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நோட்டில் பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. "யாரையும் கேக்கல சாமி. தப்புதான்," என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பயமா? என் மானத்தைக் காப்பாற்ற நினைத்தாரா? நான் வாய் திறப்பேன் என்று எனக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தாரா? அனுமதி இல்லாமல் கலங்கலை விட்டுப் போனதால் ஏகாம்பரம் நீர்க்கட்டி வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்று தீர்மானம் எழுதினார்கள். அவர் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் செய்த வேலை. அறுப்புக்கு அறுப்பு களத்தில் கிடைத்த நெற்கட்டுதான் அவர்களுக்குச் சோறு. தீர்மானத்தின் அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு என் கை தயங்கவே இல்லை, சேகர். மாசி முடிவதற்குள் அவர் குடும்பத்தோடு பெங்களூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனார். மாமனார் ஊரில் வசதி என்று போய்விட்டார் என உன் அம்மா உன்னிடம் சொன்னாளே, அப்படிச் சொல்லச் சொன்னவன் நான்தான்.

அதற்கப்புறம் செய்ததெல்லாம் அதை மூட. கலங்கல் சேற்றில் ஆணி வைத்த பூட்ஸ் தடம் இருந்ததாகக் காலனியில் பேச்சு எழுந்தது. ஊரில் அப்படிப் பூட்ஸ் வைத்திருந்தவன் நான் ஒருவன். உடனே நிலத்தை உன் பெயருக்கு மாற்றினேன். விடுதிக்கு வந்து உன்னிடம் பத்திரத்தை நீட்டினேன், படிக்காமலே போட்டாய். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "ஏரிக்குள்ள என் பேருக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை, யார் வேணும்னாலும் தாலுக்கா ஆபீஸ்ல போய்ப் பார்த்துக்கோ," என்றேன். அதற்குமேல் யாரும் பேசவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு தேர்தலில் தோற்றேன். புதுத் தலைவன் கார்த்திகை பிறந்ததும் அடைத்துவிடுகிறான். மூன்று வருஷமாக நிலம் மழைக்காலம் முழுக்கத் தண்ணீருக்குள். இந்நேரமும் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் கலங்கல் கல்லை ஒன்றரை அடி வெட்டிக் குறைக்க உத்தரவிடவேண்டும் என்று கலெக்டருக்கு உன் பெயரில் மனுப் போட்டேன். அவர்கள் உனக்கே, இந்த எர்லாங்கன் விலாசத்துக்கே நோட்டீஸ் அனுப்புவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பட்டாதாரர் நீதானே. பத்திரம் எழுதினவன் அதை மறந்துவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஜங்ஷனில் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது, புருவத்தில்கூடச் செங்கல் தூள். ஒதுங்கிப் போய்விடலாம் என்று நான் தூணுக்குப் பின்னால் திரும்பினேன். அவரே வந்தார்.

"பட்டாளத்தாரே, ஏரி ரொம்புச்சா?"

"ரொம்புச்சு."

"அடச்சாங்களா?"

"அடச்சாங்க."

"நல்லாப் பாத்து அடைக்கணும். தெக்கத்தி ஓரம் மூணாவது கல்லு கொஞ்சம் ஆடும், அதுக்கு மட்டும் ரெட்டை வைக்கோல் புரி வெக்கணும்னு சொல்லுங்க," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் வண்டி வந்துவிட்டது. அது வராமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று என்னைக் கேட்காதே.

இப்போது உன் காகிதத்துக்கு வருகிறேன். காலையிலிருந்து மூன்று தடவை சர்க்கரை டப்பாவை நகர்த்திவிட்டுப் பேனாவை வைத்துப் பார்த்தேன். கை இறங்கவில்லை. அந்த முகாம் முற்றத்தில் நடந்த காலடிகள் தடுத்தன என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. நான் அந்த நிலத்தைத் திருடவில்லை. என் மூன்று வருஷத்தையும் என் விரல் தோலையும் கொடுத்து வாங்கினேன். ஏரிக்குள் கல் நட்டது நான் இல்லை. அதை விட்டுக்கொடு என்று யார் சொன்னாலும், என் மகன் சொன்னாலும், விடமாட்டேன். அதில் நான் மாறப்போவதில்லை. ஆனால் அது மட்டுமில்லை. நான் இதில் கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? பட்டாளத்தார் பெரிய மனசு பண்ணி நிலத்தை ஏரிக்கே விட்டார் என்பார்கள். புதுத் தலைவன் மாலை கொண்டுவருவான். நீ உன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கரைமேல் நிம்மதியாக நடப்பாய். எனக்கும் உனக்கும் நல்ல பெயர். கூட்ட நோட்டில் ஏகாம்பரம் மட்டும் கலங்கலை விட்டு ஓடினவராகவே இருப்பார். நோட்டீஸ் வந்ததிலிருந்து நீ எட்டு மாதமாக யோசித்து எழுதின காகிதத்தில் அவர் பெயரே இல்லை, சேகர். உனக்குத் தெரியாது, உன்மேல் தப்பில்லை. தெரிந்த நான் அதில் கையெழுத்துப் போட முடியாது.

கல்யாணத்துக்கு வந்த அப்பன் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தகுதி இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் பேசாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகாதே. உன்னிடம் அந்தப் பழக்கம் இருக்கிறது, என்னிடமிருந்துதான் வந்தது. அவள் உன்னை இடித்து இடித்துப் பேசவைக்கிறாள், அது உனக்கு நல்லது. நேற்று நீ ஷேவ் செய்துகொண்டிருந்தபோது அவள் எனக்குத் தட்டில் இட்லி மாதிரி ஒன்றை வைத்து, "மாமா, கல்லு?" என்றாள். "கல்லுதாம்மா," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. அவள் யார், என்ன என்று ஊரில் எவனாவது கேட்டால் அவனுக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன், என் வாய் இன்னும் இருக்கிறது.

ஊருக்கு வா. இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன், எனக்குக் கெஞ்சத் தெரியாது என்பதால் சரியாக வரவில்லை. மீனம்பாக்கத்தில் உன் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவனைக் கூட்டிக்கிட்டு வராம வீட்டுக்குள்ள காலெடுத்து வெக்காதீங்க," என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐந்து வருஷமாக உன் தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருக்கிறாள். நான் திரும்பிப் போய் அவளிடம் என்ன சொல்வேன்? மகனா நிலமா என்று கேட்டான், நான் நிலம் என்று சொல்லிவிட்டேன் என்றா? அப்படி நீ எடுத்துக்கொண்டால் நான் ஒழிந்தேன். எனக்கு அறுபது நெருங்குகிறது, மூச்சு வாங்குகிறது, உன் வீட்டு மாடிப்படி ஏறும்போது மூன்றாவது மாடியில் நின்று சாவியைத் தேடுவதுபோல நடிக்கிறேன். இன்னொரு தடவை என்னால் இங்கே வர முடியாது.

அதனால் இதைச் செய்திருக்கிறேன். உன் காகிதத்தில் கையெழுத்து இல்லை. இந்தக் கடிதத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டால் முன்னதை மாற்றிவிட்டார்கள் என்று சொல்வார்கள், எனக்குச் சட்டம் தெரியும், எல்லாப் பக்கத்தின் அடியிலும் போட்டிருக்கிறேன். அந்தப் பகலில் கலங்கலைத் திறந்தது நான், ஏகாம்பரத்துக்கு அனுமதி கொடுத்தது நான், அவரை நீக்கிய தீர்மானத்தில் தெரிந்தே கையெழுத்துப் போட்டது நான். இது உனக்கு மட்டும் எழுதினதில்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நாளை தூதரகத்தில் இதற்கு முத்திரை வாங்கு, நானும் கூட வந்து என் கையெழுத்துதான் என்று சொல்கிறேன். இதைக் கலெக்டருக்கு அனுப்பினால் கல்லைக் குறைக்கச் சொல்லும் மனு அன்றே செத்துவிடும். நிலத்தையும் பிடுங்கிக்கொள்ளலாம், அவர்கள் பிடுங்கட்டும், நானாகக் கொடுக்கமாட்டேன். பஞ்சாயத்துக்கு அனுப்பினால் அடுத்த கூட்டத்தில் சத்தமாக வாசிப்பார்கள், அதற்குப்பின் அந்த ஊர்த் தெருவில் எனக்கு யாரும் முகம் கொடுக்கமாட்டார்கள். அனுப்புவதும் கிழித்துப்போடுவதும் உன் கையில். எனக்கு உன்னிடம் கொடுக்க இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

ஆனால் வேறு யாருக்கும் அனுப்புவதற்குமுன் ஒரு பிரதி ஏகாம்பரத்துக்குப் போகட்டும். காலனியில் அவர் மகளுக்கு விலாசம் தெரியும். அவருக்குப் படிக்க வராது, சூளையில் யாரையாவது வைத்து வாசிக்கச் சொல்லவேண்டும், நானே போய் வாசிக்கவேண்டுமென்றாலும் போகிறேன். கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னாலும், திட்டினாலும், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாலும், அதை எனக்கு எழுது. நீ ஊருக்கு வராவிட்டாலும் அதை மட்டும் எழுது.

அடுப்பில் பருப்பு வைத்திருக்கிறேன், சூடுபண்ணிச் சாப்பிடு. நான் உள்ளறையில்தான் இருக்கிறேன், தூங்கவில்லை. படித்து முடித்ததும் கதவைத் தட்டு.

எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டிருக்கும்
உன் அப்பா